நாயகி வாங்கிக்கொண்ட காபி

காலை ஆறு நாற்பதுக்கு ஜெகதீசன் காபி டம்ளரோடு அறைக்குள் வந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவியின் முன்னால் மண்டியிட்டான். ஒன்பது ஆண்டுகளில் அவன் அடுப்பைப் பற்றவைத்து மேகலா பார்த்ததில்லை.

"உன்ன அடிச்ச கையாலயே காபி போட்டேன். குடிக்க வேணாம், வாங்கிக்கிட்டா போதும்."

அந்த வரியை எழுதியவள் அவள்தான். இணையத்தில் அவள் எழுதிவரும் தொடர்கதையில், மனைவியை அறைந்த நாயகன் போன வாரம் அப்படித்தான் சொன்னான். "ஹீரோ பாவம் அக்கா, சேர்த்து வைங்க" என்று வாசகிகள் இரண்டு மாதமாகக் கெஞ்சியிருந்தார்கள். அவளும் சேர்த்துவைத்தாள். நாயகி காபியை வாங்கிக்கொண்டு அழுதாள். அறுநூறு பேர் இதயம் போட்டார்கள்.

நேற்று அவன் அறைந்ததில் மேகலாவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. கட்டிலுக்கு அடியில் துணிப்பை தயாராக இருந்தது. அம்மா ஊருக்கு ஏழரைக்குப் பேருந்து. அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் அவன் மண்டியிட்டிருந்தான். டம்ளரின் ஆவி அவள் கன்னத்தில் பட்டது. அவள் கைகள் மடியிலேயே இருந்தன.

அவன் டம்ளரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

"வாங்கிக்க மேகலா. அவ வாங்கிக்கிட்டாள்ல?"