கத்தார் மட்டும் தெளிவா வருது

"நெட்டு செத்துக் கெடக்குங்கேன், எங்க வீட்டுக்காரவுக மட்டும் கண்ணாடி கணக்கா தெரியுதாவ. இது என்ன கூத்து நித்யா?"

மைதீன் பாத்திமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். மேலப்பாளையத்தில் அந்தத் தெரு முழுக்க இணைய இணைப்புப் பார்ப்பவள் நித்யா. இந்த வாரத்தில் ஏற்கெனவே ஒருமுறை வந்து, ஒரு குறையும் தெரியாமல் திரும்பியிருந்தாள். இப்போதும் சுவரில் மாட்டியிருந்த ரவுட்டரை அண்ணாந்து பார்த்தாள். எல்லா விளக்கும் பச்சை.

"இப்ப நல்லாத்தான இருக்கு அக்கா?"

"இப்ப இருக்கும். பொழுது சாயட்டும், அப்பத் தெரியும். போன்ல டியூசன் எடுக்க உக்காந்தா புள்ளைய மூஞ்சியெல்லாம் அப்படியே நின்னுருது. நேத்து ஒரு தாயி, வேற டீச்சரப் பாத்துக்கிடுதோம்னு சொல்லிட்டா. சென்னையில இருக்க எங்க லாத்தா, கூடப் பொறந்தவ, கூப்பிட்டா பாதிப் பேச்சுல அந்துபோவுது. கத்தார்ல இருந்து இவுக பேசுனா மட்டும் ஒரு திக்கலும் இல்ல."

"சென்னையும் கத்தாரும் ஒரே ஒயர்லதான் அக்கா வருது. ஒண்ணு திக்கி ஒண்ணு திக்காம இருக்காதே."

"இருக்கே!"

"ஒருவேள உங்க சிம்முல இருக்க நெட்டு ஓடுதோ என்னவோ."

"சிம்மு பேசுததுக்கு மட்டுந்தான். அதுல நெட்டே போடல."

நித்யா போனை வாங்கிப் பார்த்தாள். பாத்திமா சொன்னது சரிதான். ரவுட்டரை அணைத்துப் போட்டாள். ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து தள்ளி, மாமியார் வீட்டை ஒட்டிய சுவரில் மாட்டினாள். பையிலிருந்த புது அடாப்டரைச் செருகிப் பார்த்தாள். பச்சை விளக்கு பச்சையாகவே எரிந்தது. எதைச் சரி செய்ய வேண்டும் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அந்தி மஃரிபு தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. "கொசு வந்துரும்" என்று பாத்திமா போய்த் தெருக்கதவைச் சாத்தினாள்.

ரவுட்டர் விளக்கு சிவப்பானது.

"அக்கா, கதவத் தொறங்க!"

திறந்தாள். பச்சை.

"சாத்துங்க."

சிவப்பு.

நித்யா கதவைத் திறந்து, வாசலில் குத்தவைத்து டார்ச் அடித்தாள். தெருவிலிருந்து வரும் ஒயர் நிலையோரமாக உள்ளே நுழைந்தது. கதவைச் சாத்தும்போது அதன் அடியில் மாட்டி ஒடிகிற மாதிரி மடங்கியது.

"இதுதான் அக்கா! இதுக்குள்ள இருக்கது கண்ணாடி இழை. நெட்டு வெளிச்சமா இதுலதான் வருது. மடங்குனா அது சரியா வராது, விட்டு விட்டுத்தான் வரும். இந்த ஒயர வாசல் வழியா விடவே கூடாது. நாளைக்குச் சுவத்துல மேல ஓட்டை போட்டு உள்ள கொண்டாந்துருதேன். அதுவரைக்கும் கதவ ஒருக்களிச்சு வைங்க."

பாத்திமாவின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியும் விட்டது.

"அப்ப அவுக பேசும்போதும் கதவு சாத்தித்தான இருக்கும்?"

கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோசம் போய், நித்யா மறுபடியும் ரவுட்டரை அண்ணாந்து பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ரசீத்தான். கத்தாரில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கும் பாத்திமாவின் கணவன்.

"பேசுங்க அக்கா. நான் ஒண்ணு பாக்கேன்."

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்."

"வ அலைக்குமுஸ்ஸலாம். என்ன புள்ள, தேத்தண்ணி குடிச்சியா? இங்க வெயிலு ஆளக் கொல்லுது."

"எப்ப வாறிய மச்சான்?"

"லீவு கேட்டிருக்கேன். மொதலாளி பைய சொல்லுதேங்கான்."

நித்யா மெல்லக் கதவைச் சாத்தினாள். விளக்கு சிவந்தது. தன் போனை அந்த வைஃபையில் இணைத்து எதையோ திறந்து பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை. ரசீத் மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

நித்யா ரவுட்டர் அருகே போய், அந்த ஒயரையே பிடுங்கிவிட்டாள்.

ரசீத்தின் பேச்சு அறுபடவில்லை. நித்யா கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் ஒயரைப் பார்த்தாள்.

"அக்கா..." என்றாள். "இந்த ஒயரு இல்லாம கத்தார் என்ன, பக்கத்துல இருக்க கொக்கிரகுளத்துக்குக் கூட இதுல பேச முடியாது."

"பின்ன இப்பப் பேசுதேனே?"

"இதே வைஃபையில இருக்க இன்னொரு போன்கூட மட்டுந்தான் பேச முடியும். அது சுவத்தத் தாண்டி ஒரு வீட்டுக்கு எட்டுனா பெருசு."

திரையில் ரசீத் பாதிச் சொல்லில் நின்றான். அவன் காதிலும் அது விழுந்திருந்தது. மெதுவாகத் தலை குனிந்தான்.

பாத்திமா போனை முகத்துக்கு அருகே கொண்டு போனாள். "மச்சான், எங்க இருக்கிய?"

"வேலைய விட்டு நிப்பாட்டிட்டானுவ புள்ள. ஒம் மூஞ்சியில முழிக்க வெக்கமா இருந்துச்சு..." என்றவனுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதான்.

அந்த அழுகை போனில் வருவதற்கு ஒரு கணம் முன்னதாகவே, ஒட்டினாற்போல் இருந்த மாமியார் வீட்டு மாடியிலிருந்து கேட்டது.