ரிமார்க் போட முடியாத இதயம்

ஸ்கேன் சென்டரில் கவரைப் பிரித்துப் படித்ததும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

ஸ்கேன் எடுத்தது எனக்கு. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று போன வாரம் வந்திருந்தோம். ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தப் 'பார்க்கலாம்' அன்றிலிருந்து என் காதிலேயே நின்றது. பயம்தான், மறைப்பானேன்.

ஆனால் ரிப்போர்ட்டை என்னிடம் தருவாரா? என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். திருத்தி முடிக்காத தாளை யாரிடமும் காட்டிப் பழக்கமில்லை. சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார். எங்கள் கல்யாணம் உட்பட.

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் என் சமையல், என் பேச்சு, நான் பெற்ற இரண்டு பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் போட்ட ஒரே ரிமார்க், 'பரவாயில்லை'.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். 'ஹார்ட்' என்ற வரிக்கு எதிரே ஒரே ஒரு நீளமான வார்த்தை. அன்ரிமார்க்கபிள்.

அவர் அதைக் கணக்குப் போலப் பிரித்துப் பார்த்தார். அன். ரிமார்க். ஏபிள். 'ரிமார்க் போட முடியாதது' என்று உதடு அசைந்தது.

எனக்குப் பயம் கூடியது. வார்த்தை புரிந்ததால் அல்ல, அவரைத் தெரிந்ததால். எப்பேர்ப்பட்ட மக்குப் பையனுக்கும் ரேங்க் கார்டில் 'முயற்சி தேவை' என்றாவது எழுதிவிடுவார். இது தேறவே தேறாது என்று கைகழுவிய கேஸுக்குத்தான் ரிமார்க் கட்டத்தைக் காலியாக விடுவார்.

எழுந்து போய், சுவரைப் பார்த்து, எனக்கு முதுகு காட்டி ஒரு நிமிஷம் நின்றார். கண்ணைத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு கவுண்டருக்கு நடந்தார். வரிசை தப்பினால் வகுப்பையே வெளியே நிறுத்துகிற மனிதர், மூன்று பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அங்கிருந்த பெண்ணிடம், ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கும் பையனின் குரலில் கெஞ்சினார்.

"இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் வைங்கம்மா. இவ கண்டிப்பா பாஸ் பண்ணிடுவா."

அவள் ரிப்போர்ட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், அன்ரிமார்க்கபிள்னா குறை சொல்ல ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். அம்மாவுக்கு ஹார்ட் ஜம்முனு இருக்கு."

அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது. படி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது என்பதை டாக்டர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். இதயம் தப்பித்தது, அது போதும்.

அந்தப் பெண் ரிப்போர்ட்டை அவரிடம் கொடுக்கவில்லை. அவர் நீட்டிய கையைத் தாண்டி என்னிடம் நீட்டினாள்.

அன்ரிமார்க்கபிள் என்ற வார்த்தை சிவப்பு மையில் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, ரேங்க் கார்டில் எழுதும் அதே குண்டு எழுத்தில், 'மிக நன்று'. பக்கத்தில் அவர் இனிஷியல், இன்றைய தேதி.

மார்க் வாங்க நிற்கிற பையன் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை" என்றேன்.