நாலு மூலையிலும் சேஃப் மோட்

"நீ எதையோ தொட்டிருக்கே!"

"நான் எதையும் கெடுக்கலைங்க."

"கெடுக்காமலா இப்படி நிக்குது? பாரு, கறுப்புத் திரை. நாலு மூலையிலும் 'சேஃப் மோட்'னு எழுதியிருக்கு. ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் சைஸ்ல தடிதடியா... கண்றாவி!"

டாக்டர் ஷூவைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். யாருடைய கம்ப்யூட்டர் படுத்தாலும் கூப்பிடாமலே ஓடிப்போய் நிற்பார். அதனால் 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிண்டலுக்கு வைத்ததுதான். மனுஷர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

மனைவி வீட்டிலிருந்தபடியே ஒரு டியூஷன் சென்டருக்குக் கேள்வித்தாள் டைப் செய்து கொடுக்கிறாள். கொஞ்ச நாளாக அதில் ஏகப்பட்ட தப்பு. மூன்று இருக்கவேண்டிய இடத்தில் எட்டு, ஆறு இருக்கவேண்டிய இடத்திலும் எட்டு. கணக்கு மாஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தாள் தப்பா வந்தா வேற ஆளைப் பார்த்துக்கறோம்மா" என்று சொல்லிவிட்டார். அவளுக்குப் பாவம், சோறு இறங்கவில்லை. ஆசையாகச் செய்கிற வேலை.

"எல்லாம் வைரஸ் பண்ற கூத்து" என்றார் டாக்டர். "கண்டதையும் கிளிக் பண்ணினா இப்படித்தான்."

"அதில்லைங்க. எழுத்தெல்லாம் எனக்கு..."

"நீ பேசாதே! இந்த மெஷினுக்கு நான் என்னதான் பண்ணலை? புது கேபிள், புது திரை. நீ குடைஞ்சு வெக்கக் கூடாதுன்னு செட்டிங்ஸுக்கெல்லாம் பூட்டுகூடப் போட்டிருக்கேன். அப்படியும் படுத்துதுன்னா கை வெச்சது யாரு?"

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவர் ரீஸ்டார்ட் செய்தார். கம்ப்யூட்டர் பழையபடி வந்தது. திரை முழுக்கப் பொடிப்பொடியாக, அழகாக, வரிசையாக எழுத்து.

"ஹும்! டாக்டர் கை பட்டாத்தான் சரியாகுது."

மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் மறுபடியும் கறுப்புத் திரை. பூசணிக்காய் எழுத்து.

டாக்டருக்குத் தூக்கம் போயிற்று. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் புலம்பினார்.

"தானா நடக்கிற விஷயமில்லை சார் இது" என்றார் பக்கத்து சீட்டு. "சேஃப் மோட்ங்கிறது என்ன? ரிப்பேர் பார்க்கறதுக்காக, அவசியமானதை மட்டும் ஓடவிட்டு மத்த எல்லாத்தையும் தூங்க வெக்கறது. திரையோட நுணுக்கமும் அதுல தூங்கிடும், அதான் எழுத்து பெருசு பெருசா நிக்குது. நீங்க போட்ட பூட்டும் தூங்கிடும். வீட்ல யாரோ வேணும்னே பண்றாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எதையோ மறைக்கிறாங்க சார்."

அடுத்தவர் வீட்டு விஷயமென்றால் சில பேருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் டாக்டருக்கு அது சுருக்கென்று குத்திவிட்டது. அரை நாள் லீவு போட்டார். சத்தமில்லாமல் சாவி போட்டு வாசல் கதவைத் திறந்தார். சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி அடிமேல் அடி வைத்துப் போனார்.

மனைவி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தாள். ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பழகின கை. திரை கறுப்பானது. நாலு மூலையிலும் சேஃப் மோட்!

"பிடிச்சிட்டேன்!" டாக்டர் பாய்ந்தார். "சொல்லு, எதை மறைக்கிறே?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். திரையில் ஒரு முக்கோணம். பக்கத்தில் பெரிய பெரிய எண்கள்.

"கேள்வித்தாள்தாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கொடுக்கணும்."

"அதை ஏன் சேஃப் மோட்ல அடிக்கிறே? உனக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"நீங்கதான். போன வாரம் ரிப்பேர் பார்க்கறேன்னு, எப்படி உள்ளே போறதுன்னு ஒவ்வொண்ணா பெருமையா காட்டினீங்களே? அப்படியே விட்டுட்டு ஆபீஸ் போயிட்டீங்க. உட்கார்ந்து பார்த்தா, எத்தனையோ நாளைக்கப்புறம் எனக்கு மூணும் எட்டும் தனித்தனியாத் தெரிஞ்சுது." அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள். "அன்னைக்கு அடிச்ச தாள்ல ஒரு தப்புகூட இல்லைன்னு மாஸ்டரே ஆச்சரியப்பட்டார். நீங்க சரி பண்ணிக் கொடுத்த திரையில அடிச்சாத்தான் தப்பாகுது."

டாக்டர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"எழுத்தைப் பெருசாக்க சாதாரணமாவே வழி இருக்கேடி! செட்டிங்ஸ்ல போய்..."

"அதுக்குத்தான் பூட்டு போட்டிருக்கீங்களே."

டாக்டர் மூக்கில் சரிந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். போன மாதம்தான் டெஸ்ட் பண்ணி மாற்றிய கண்ணாடி.

"சரி, பூட்டை விடு. கண்ணு தெரியலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே" என்றாள் அவள். "எழுத்து மங்கலாத் தெரியுதுங்கன்னு சொன்னேன், கேபிளை மாத்தினீங்க. அப்பவும் மங்கலாத்தான் இருக்குன்னு சொன்னேன், திரையையே மாத்தினீங்க. மறுபடியும் சொன்னா என்னையும் மாத்திடுவீங்களோன்னுதான் பேசாம இருந்துட்டேன்."