கிருபாவதியின் வலது கை

வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கிருபாவதிக்கும் இஸ்ரவேலுக்கும் கல்யாணத்தன்று போதகர் சேர்த்துவைத்த வலது கைகள் அதன்பிறகு பிரியவேயில்லை. அவள் இடது கையால் சோறு வடித்தாள். அவன் இடது கையால் அவளை அடித்தான். ஒருநாள் வீங்கிய முகத்தோடு அவனையும் இழுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்கு வந்தாள்.

“பிரிச்சு விட்டுருங்க ஐயரே.”

“தேவன் சேர்த்தத நான் எப்படிம்மா பிரிக்க? மரணம் வரைக்கும் பொறுத்துக்க.”

“யாரு மரணம் ஐயரே?”

இஸ்ரவேல் சிரித்தான். “சட்டுன்னு ஜெபம் பண்ணி அனுப்புங்க ஐயரே, பசிக்கு.”

போதகர் தன் கையும் ஒட்டிக்கொள்ளாதபடி எட்ட நின்றே ஜெபம் பண்ணினார். இருவரும் கைகோத்தபடி வீட்டுக்குப் போனார்கள்.

இஸ்ரவேலுக்கு வலது கையே கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே மரம் அறுக்கும் மில்லில் போய்விட்டது. இதுவும் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்வதுதான்.