ஒரே ஒரு டைபீரியஸ்

மேஜைவிரிப்புக்கு அடியில் அவருடைய கட்டைவிரல் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

முகம் மேடைக்கு உரியதாகவே இருந்தது. புன்னகை. அவ்வப்போது ஒரு தலையசைப்பு.

ஒலிபெருக்கியில் புலவர் முழங்கினார்.

"உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு! அந்த ஒன்றும் நம் கரூரில்தான் உண்டு! அதைக் கண்டு தந்தவர் இதோ, நம் தொல்காசுச் செம்மல்!"

கைதட்டல்.

தொல்காசுச் செம்மல் குனிந்து செல்போனைப் பார்த்தார்.

இன்னொன்று அங்கே இணைய ஏலத்தில் இருந்தது.

அதே ரோமானிய வெள்ளிக்காசு. டைபீரியஸ் பேரரசனின் அதே தலை. தாடைக்குக் கீழே அதே விரிசல். காதருகே அதே கீறல்.

இன்று வெளியாகும் அவருடைய புத்தகத்தின் அட்டையிலும் அந்தத் தலைதான். மேடைக்குப் பின்னால் திரையிலும் அதுதான், யானை அளவுக்கு. அமராவதி ஆற்று மணலில் கண்டெடுத்ததாக முன்னுரையில் எழுதியிருந்தார். உண்மையில் கூரியரில் கண்டெடுத்தது. அப்படி எழுதினால் முன்னுரைக்குக் கம்பீரம் வராது.

அதுகூடப் பரவாயில்லை.

ரோமாபுரியில் காசுகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்தார்கள். ஒரே அச்சில் அடித்தாலும் ஒன்றின் விரிசல் இன்னொன்றில் வராது. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே விரிசல் இருந்தால், இரண்டும் ஒரே வார்ப்பில் ஊற்றியவை. இரண்டும் போலி. காசு சேகரிப்பவர்களுக்கு இது அரிச்சுவடி.

மறந்துபோகிறவர்களுக்காக அவரே அதைத் தம் புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

ஆகவே இதை வாங்கிவிட வேண்டும். வாங்கியவர் கேட்டுக்கொண்டால் தளத்திலிருந்து படத்தை எடுத்துவிடுவார்கள். பிறகு காசைக் கொண்டுபோய் அமராவதியில் போட்டுவிடலாம். முன்னுரையும் ஓரளவுக்கு உண்மையாகிவிடும்.

ஆனால் யாரோ ஒருவன் விடாமல் விலையை ஏற்றிக்கொண்டிருந்தான்.

ஒரு குக்கர் விலையில் இருந்த காசு ஃபிரிட்ஜ் விலைக்கு வந்தது. யவனர் மரக்கலத்தைப் புலவர் முசிறியில் கரைசேர்ப்பதற்குள் ஸ்கூட்டர் விலையைத் தொட்டது.

யார் இந்தப் பாவி? உள்ளூர் ஆளோ?

மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மாவட்டத்துக் காசு சேகரிப்பாளர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். எல்லா முகங்களும் நிமிர்ந்திருந்தன. மற்றபடி அரங்கில் பாதிப்பேர் குனிந்து செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தக வெளியீடு என்றால் அப்படித்தான்.

விரல் வியர்வையில் வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏற்றினார்.

அவனும் ஏற்றினான்.

மறுபடி ஏற்றினார்.

"விட்டுத் தொலையேன்டா, சாமி."

வாய்விட்டே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பக்கத்து நாற்காலியிலிருந்து அரிசி ஆலை அதிபர் காதருகே சாய்ந்தார்.

"நானும் அதத்தானுங்க நெனச்சேன். இந்தப் புலவரு மைக்க விடவே மாட்டாருங்க."

கடைசி நிமிடம். அவருடைய விலைதான் மேலே நின்றது.

நின்றது.

இன்னும் நின்றது.

"இப்போது நம் அரிசி ஆலை அதிபர் செம்மலுக்குப் பொன்னாடை போர்த்துவார்!"

பொன்னாடைக்கு எழுந்து நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் கூப்ப வேண்டும். எந்தச் செம்மலும் ஒற்றைக்கையைக் காட்டிப் பொன்னாடை வாங்கியதில்லை.

எழுந்தார். செல்போனை நடுவில் வைத்துக் கைகூப்பினார்.

உள்ளங்கைகளுக்கிடையே அது ஒருமுறை அதிர்ந்தது. அவரை யாரோ மிஞ்சிவிட்டார்கள் என்று அர்த்தம்.

"ஐயா, கேமராவப் பாருங்க," என்றார் போட்டோக்காரர். "கைய எறக்காதீங்க. இன்னொண்ணு எடுத்துக்கறேன். கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

சிரித்தார்.

கைகளைப் பிரித்தபோது ஏலம் முடிந்திருந்தது.

உட்கார்ந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் வாங்கியிருப்பான். அவன் கரூருக்கா வரப்போகிறான்? பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவான். நன்றாக இருக்கட்டும் அவன்.

அப்போது முதல் வரிசையிலிருந்து அவருடைய மகள் மேடையேறி வந்தாள். அழைப்பிதழில் அவள் பெயர் இல்லை. புலவரிடமிருந்து மைக்கை வாங்கினாள். புலவரிடமிருந்து மைக்கை வாங்கிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

"இந்தக் காசுக்கு ஜோடியே கெடையாதுன்னு அப்பா எப்பவும் சொல்லுவாருங்க. அத நெனச்சா எனக்குக் கொஞ்சம் பாவமா இருக்கும். ரொம்ப நாளா நெட்ல தேடிட்டே இருந்தேன். இப்ப, இங்க உக்காந்துட்டிருக்கறப்பதான் வாங்குனேனுங்க. யாரோ ஒருத்தன் கடைசி வரைக்கும் விடவே இல்ல. நானும் விடல."

அரங்கம் சிரித்தது.

திரையை இயக்குகிறவரிடம் தன் செல்போனை நீட்டினாள்.

"அண்ணா, அப்பா காசுக்குப் பக்கத்துலயே இதையும் போட்டுருங்க. நல்லாப் பெருசா."

போட்டார்.

"பாருங்க! கொஞ்சங்கூட வித்தியாசமே இல்ல!"

சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். புலவர் தட்டினார். அரிசி ஆலை அதிபர் மேஜையையே தட்டினார்.

காசு சேகரிப்பாளர்கள் தட்டவில்லை. ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இன்னொருவர் மெல்ல எழுந்து திரையை நோக்கி நடந்து வந்தார்.

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. ஏன் என்று மகளுக்குப் புரியவில்லை. மைக்கைப் பிடித்தபடியே திரும்பினாள். முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"புடிக்கலீங்களாப்பா?"

அவர் எழுந்தார். பொன்னாடை நழுவிக் கீழே விழுந்தது.

குனிந்து எடுக்கவில்லை.

மகளைப் பார்த்துத் தனியாகக் கைதட்டத் தொடங்கினார்.