படகு நிறுத்தும் இடம்

பூந்தமல்லிப் பக்கத்துத் தெரு ஒன்றில், வேம்புலியின் வீட்டு வாசலில் கிடந்த மீன்பிடிப் படகைப் பஞ்சாயத்து அதிகாரி குடைக்கம்பால் தட்டினார்.

“எமர்ஜென்சி நடக்குதுய்யா! வாசல்ல படகு நிறுத்தினா பறிமுதல்தான்.”

“பொயப்பே அதாங்க சார். எங்க நிறுத்தணும்னு நீங்களே சொல்லிடுங்க.”

“இதுகூடவா தெரியாது? படகோட இடம் ஏரி. சாயங்காலத்துக்குள்ள ஏரியில இருக்கணும்.”

சட்டத்தை மதிக்கும் குடிமகனான வேம்புலி, உடனே மாட்டுவண்டி பிடித்தான்.

மாலையில் வீடு திரும்பிய அதிகாரி, தன் புது பங்களா வாசலை அடைத்துக்கொண்டு கிடந்த படகைப் பார்த்து அலறினார். “யோவ்! ஏரியிலதானே நிறுத்தச் சொன்னேன்?”

“ஏரியிலதான் சார் கீது. போன வருசம்கூட இதே எடத்துலதான் மீன் புடிச்சேன். உங்க ஊடுதான் நடுவுல வந்து குந்திகினு கீது.”