சுவரில் ஒரு ஜங்ஷன்

வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் சுப்பராயலு தன் சைக்கிள் மணியைக் கழற்றிப் பள்ளிக்கூடத்துச் சுவரில் முடுக்கிவிட்டுத்தான் போனான்.

பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவன் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலை. மாணவியும் ஒருத்திதான், அவன் மகள் பாஞ்சாலி. நான்கு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மணி இல்லாத பள்ளிக்கூடம் உண்டா என்று முந்தின நாள் ராத்திரி படுக்கையில் அவனுக்குத் தோன்றியிருந்தது.

விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி நேரம் எழுதும் கரும்பலகை அவன் பொறுப்பு. பலகைக்குப் பூசியதுபோக மீந்த கறுப்பு பெயிண்டைக் கேட்டு வாங்கி வந்து கூடத்துச் சுவரில் அடித்தான். அதோடு விட்டிருக்கலாம். கைப்பழக்கம் விடவில்லை. ஸ்டேஷன் பலகையில் இருப்பதுபோலவே வெள்ளைக் கோடு இழுத்து, வண்டிக்கு ஒன்று, வரும் நேரத்துக்கு ஒன்று, தாமதத்துக்கு ஒன்று என மூன்று கட்டம் பிரித்துவிட்டான்.

"இன்னாங்க இது, ஊட்டுக்குள்ளயே ஜங்ஷன் கட்றீங்க?" என்று அவன் மனைவி பூமாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்தால் சிரிக்கட்டும். கீழே கோரைப்பாய் விரித்தான். ஏறி நின்று எழுத ஒரு மணை போட்டான். எண்ணிப் பழக ஒரு டப்பா நிறைய மல்லாட்டைக் கடலை வைத்தான். மல்லாட்டை முதல் நாளே தீர்ந்துபோனது. எண்ணியவர் யாருமில்லை.

எழுத்து அட்டை ஒன்றும் வாங்கி மாட்டினான். அட்டையில் 'அ'வுக்கு அணில்தான் போட்டிருந்தது. சுப்பராயலு அதை விரலால் மறைத்துக்கொண்டு, "அ-ன்னா அப்பா" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிக் கொடுத்தான்.

அந்த ஓர் எழுத்தை மகள் தன் கையால் எழுத, அதை அவன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். எண்பத்து மூன்றாம் வருஷத்தில் அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

பாஞ்சாலியோ அசைந்து கொடுக்கவில்லை. மதியம் அம்மாவோடு சோற்றுத் தூக்கு கொண்டுவரும்போதெல்லாம் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அப்பா எழுதுவதையும் அழிப்பதையும் கண் கொட்டாமல் பார்ப்பவள்தான். வீட்டில் சாக்பீஸைக் கையில் கொடுத்தால், அவனைப்போலவே காதுக்குப் பின்னால் செருகிக்கொள்வாள். எழுதச் சொன்னால், "இப்ப எதுக்கு?" என்பாள்.

இருபது நாளாக இதே கதை. தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் முதலில் சுவரைத்தான் பார்ப்பான். சுவர் துடைத்துவிட்டதுபோல் இருக்கும்.

நான்கு மணிக்கு வேலை முடியும். சைக்கிளில் வீடு பத்து நிமிஷம். ஆனால் நடுவில் ஒரு டீக்கடை இருந்தது, டீக்கடையில் பார்சல் ஆபீஸ் பச்சைமுத்து இருந்தான். மனக்குறையை யாரிடமாவது கொட்டினால்தானே ஆறும்? "ஒரு எழுத்து எழுத மாட்டேங்குதுப்பா, பேஜாராப் போச்சு" என்று ஆரம்பித்தால், இரண்டு டீ ஓடி, கடிகாரத்தில் ஆறு மணி ஆகிவிடும்.

அன்றும் ஆறு மணிதான். தெருமுனை திரும்பும்போது கட்டைவிரல் பழக்கதோஷத்தில் மணியைத் தேடியது. மணி பள்ளிக்கூடத்தில் இருந்தது. சத்தமில்லாமல் வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே காலை வைத்தான்.

வைத்த கால் அப்படியே நின்றது.

பாஞ்சாலி மணைமேல் ஏறி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு நின்றிருந்தாள். முதல் கட்டத்தில் ஓர் 'அ'. கொஞ்சம் சாய்ந்து, சுழி பெருத்து, ஆனால் சத்தியமாக 'அ'. நடுக் கட்டம் காலி. மூன்றாம் கட்டத்தில் வரிசையாக நான்கு கோடுகள்.

திண்டிவனம் பக்கமிருந்து வந்த பாசஞ்சர் வீட்டுக்குப் பின்னால் கூவிக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அவள் ஐந்தாவது கோட்டைப் போட்டாள்.

"எம் பொண்ணு எழுதிடுச்சு!" என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது.

பாஞ்சாலி திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. சட்டென்று ஈரத்துணியை எடுத்து, 'அ'வையும் ஐந்து கோடுகளையும் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள்.

"அழிக்காத, அழிக்காத!" என்று அவன் பாய்வதற்குள் சுவர் கறுப்பாகிவிட்டது.

பூமாலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாலு மணி ஆனா தெனமும் எழுதிடுதுங்க. அப்புறம் நீங்க வர்ற வரைக்கும் வண்டிக்கு ஒரு கோடு. முனையில உங்க பெல்லு அடிச்சா தொடச்சிடும். நீங்களே ஒரு நாளு வந்து பாக்கணும்னுதான் வாயைத் தொறக்கல."

பன்னிரண்டு வருஷமாக எத்தனையோ வண்டிகளுக்குத் தாமதம் எழுதிய கை அவனுடையது. இப்போது அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதையும் மீறிச் சந்தோஷம் பொங்கியது. மணைக்கு எதிரில் குந்தி, கீழே விழுந்திருந்த சாக்பீஸை எடுத்து மகளிடம் நீட்டினான்.

"கண்ணு, இன்னொருவாட்டி எழுதும்மா. அப்பா நல்லாப் பாத்துக்கறேன்."

பாஞ்சாலி சாக்பீஸை வாங்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

"வந்துட்ட வண்டிய யாராச்சும் எழுதுவாங்களா? நாளைக்கு லேட்டா வா, எழுதறேன்."